சூடான் போரும் அதில் சிக்கிய மக்களும்: மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மதுரையிலும் மேலூர், திருமங்கலம் பக்கங்களிலும் கல்லூரிகள், வாசகர் வட்டங்கள், தொழிற்சங்கக் கூட்டங்கள் என்று சூடான் போரைப் பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள். எங்கு போனாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட தொனியிலேயே அவற்றைத் தந்திருக்கிறேன். சில முரட்டுத்தனமானவை, இருக்கட்டும். போர் வியூகம் பேச எனக்கு வராது. தண்ணீர், மருந்து, சோறு, இவற்றைப் பற்றித்தான் சொல்ல முடியும். தகவல்கள் 2025 முடிவு வரையிலானவை.

சூடானில் யாருக்கும் யாருக்கும் சண்டை?

அரசு ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப் எனப்படும் துணை ராணுவத்துக்கும். ராணுவத் தலைவர் அப்தெல் ஃபத்தா அல்-புர்ஹான். ஆர்.எஸ்.எஃப் தலைவர் முகமது ஹம்தான் தகாலோ. அங்கே ஹெமத்தி என்றால்தான் தெரியும். முப்பது ஆண்டுகள் ஆண்ட ஒமர் அல்-பஷீரை 2019-இல் மக்கள் போராட்டம் வீழ்த்தியது. அதன்பின் அமைந்த இடைக்கால ஆட்சியை 2021 அக்டோபரில் இந்த இரண்டு தளபதிகளும் கூட்டாகக் கவிழ்த்தார்கள். பிறகு தங்களுக்குள் அதிகாரத்தைப் பிரித்துக்கொள்வதில் தகராறு. 2023 ஏப்ரல் 15 அன்று, ரம்ஜான் மாதத்தின் கடைசி நாட்களில், தலைநகர் கார்ட்டூமின் நடுவிலேயே சுடத் தொடங்கினார்கள். நாட்டில் ஏறக்குறைய 5 கோடிப் பேர். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இது மதச் சண்டையா?

இல்லை. இரு தரப்பும் முஸ்லிம்கள்தான். கிறிஸ்தவர்கள் மிகுந்த தெற்குப் பகுதி 2011-இலேயே தனி நாடாகிவிட்டது. ஆனால் மேற்கே டார்ஃபுரில் இனம் பார்த்துக் கொல்கிறார்கள். 2023-இல் எல் ஜெனீனா நகரில் மசாலித் இனத்தவரை ஆர்.எஸ்.எஃப்பும் அதன் கூட்டாளிக் குழுக்களும் வேட்டையாடின. அங்கே 10,000 முதல் 15,000 பேர் வரை கொல்லப்பட்டதாக ஐ.நா. நிபுணர் குழு ஒன்று மதிப்பிட்டது.

மொத்தம் எத்தனை பேர் இறந்திருக்கிறார்கள்?

முழுக் கணக்கு எடுக்கவே வழியில்லை. இறப்பைப் பதிவு செய்யும் அலுவலகமும் மருத்துவமனையும் மூடிக் கிடக்கும்போது யார் எண்ணுவது? நம்பத்தகுந்த ஒரு கணக்கு கார்ட்டூம் மாநிலத்துக்கு மட்டும் இருக்கிறது. லண்டன் சுகாதார ஆய்வாளர்கள் 2024 நவம்பரில் வெளியிட்டது. போரின் முதல் 14 மாதங்களில் அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் எல்லாக் காரணங்களாலும் சேர்த்துச் சுமார் 61,000 பேர் இறந்தார்கள் என்றும், அவர்களில் சுமார் 26,000 பேர் நேரடி வன்முறையில் இறந்தார்கள் என்றும் அது சொல்கிறது.

கழித்துப் பாருங்கள். மீதி 35,000 பேரில் யார் மேலும் குண்டு படவில்லை. செய்தித்தாளில் வரும் புகைப்படத்தில் புகை எழும் கட்டிடம்தான் இருக்கும். பெரும்பாலான சாவு அந்தப் படத்துக்கு வெளியே நடக்கிறது.

குண்டு படாதவர்கள் எப்படிச் சாகிறார்கள்?

இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்துக் காத்திருப்பேன். என் பிழைப்பே இதில்தான் கழிந்தது.

முதலில் நாள்பட்ட நோயாளிகள். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்கிறவருக்கு மின்சாரமோ மருந்துத் திரவமோ நின்றுபோனால் அவருடைய ஆயுள் நாட்கணக்கில்தான். இன்சுலின் குளிரில் இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் நாளடைவில் அது வெறும் தண்ணீர். சிசேரியன் தேவைப்படும் கர்ப்பிணி, வலிப்பு மாத்திரை சாப்பிடும் சிறுவன், காசநோய்க்கு ஆறு மாத மருந்தில் மூன்று மாதம் முடித்தவர், இவர்களெல்லாம் எந்தத் தரப்புக்கும் எதிரி இல்லை. சண்டை நடக்கும் பகுதிகளில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இயங்கவில்லை, அல்லது அரைகுறையாக இயங்குகின்றன என்பது உலகச் சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி. மதுரை ராஜாஜி மருத்துவமனை ஒரு வாரம் மூடினால் சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் வரை யார் யார் வீட்டில் என்ன ஆகும் என்று நீங்களே பட்டியல் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர். கார்ட்டூம் இரண்டு நைல் நதிகள் கூடுமிடத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஆற்றுத் தண்ணீரை ஏற்ற மோட்டார் வேண்டும், வடிகட்ட நிலையம் வேண்டும், குளோரின் வேண்டும். 2025 மே மாதம் ட்ரோன்கள் மின்நிலையங்களைத் தாக்கின. சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. மக்கள் ஆற்றிலிருந்து அப்படியே மொண்டார்கள். கழுதை வண்டியில் வரும் தண்ணீரை விலைக்கு வாங்கினார்கள். ஒரே வாரத்தில் 2,700-க்கும் மேற்பட்டோருக்குக் காலரா. 172 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கார்ட்டூம் பகுதியில். 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட அந்தக் காலராப் பரவல் பிறகு நாடு முழுவதும் ஒரு லட்சம் பேரைத் தாண்டியது.

காலரா எளிய நோய். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த சுத்தமான தண்ணீர், முற்றியவர்களுக்கு நரம்பு வழியாகத் திரவம், இவ்வளவுதான் வைத்தியம். நேரத்தில் கொடுத்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இறக்க மாட்டார். அதனால்தான் காலராச் சாவு என்றால் எனக்குக் கோபம் வருகிறது. அது கிருமியின் திறமை இல்லை.

பஞ்சம் என்கிறார்களே, அங்கே மழை பெய்யவில்லையா?

மழை பெய்தது. சூடானுக்கு விவசாயம் தெரியாததும் இல்லை. நீல நைலில் சென்னார் அணை கட்டி 1925-இல் தொடங்கிய கெசிரா பாசனத் திட்டம் உலகின் மிகப் பெரிய பாசனத் திட்டங்களில் ஒன்று. அதன் நடுவே இருக்கும் வாத் மதானி நகரை 2023 டிசம்பரில் ஆர்.எஸ்.எஃப் பிடித்தது. விதை நெல் வைத்திருப்பதுபோல அங்கே குடியானவர்கள் வைத்திருந்த விதையும், டிராக்டரும், கிடங்கில் இருந்த தானியமும் கொள்ளை போயின. விதைக்க வேண்டியவர்கள் ஓடினார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க நான் வெளிநாட்டு உதாரணம் தேடுவதில்லை. 1876 முதல் 1878 வரை நம்மை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மழை பொய்த்தது உண்மை. ஆனால் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதே தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி குறைத்தார். அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். என் துறையின் முன்னோடி என்பதால் அவரை எனக்குப் பிடிக்கும். பஞ்சம் வானத்திலிருந்து தொடங்கலாம். அதை முற்ற விடுவது மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள்.

சூடானில் வானத்துக்கு அந்தப் பழிகூட இல்லை. டார்ஃபுரின் எல் ஃபாஷர் நகரை ஆர்.எஸ்.எஃப் 2024 மே மாதம் முற்றுகையிட்டது. சுற்றிலும் மண் அரண் எழுப்பி, உள்ளே உணவு கொண்டுபோக முயன்றவர்களைத் தாக்கியது. உள்ளே இருந்தவர்கள் அம்பாஸ் சாப்பிட்டு உயிர் பிழைத்தார்கள். அம்பாஸ் வேறொன்றும் இல்லை, எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கடலைப் புண்ணாக்கு. நம் ஊரில் மாட்டுக்கு ஊறவைப்பதுதான். கெட்டுப்போன புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு சேரும். அது ஈரலைத் தாக்கும். கடைசியில் அதுவும் தீர்ந்தது. 2025 அக்டோபர் 26 அன்று நகரம் விழுந்தது. சவுதி மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் நோயாளிகளும் உடனிருந்தவர்களுமாக 460-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் தெரிவித்தது.

பஞ்சம் என்று யார் அறிவிப்பது? அதற்கு அளவுகோல் உண்டா?

உண்டு. ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஒரு தரவரிசை இருக்கிறது. ஐந்தில் ஒரு வீட்டில் உணவு அறவே இல்லாத நிலை, குழந்தைகளில் 30 சதவீதம் பேருக்குக் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, பத்தாயிரம் பேரில் தினம் இருவர் பசியாலோ அதோடு சேர்ந்த நோயாலோ இறப்பது. மூன்றும் சேர்ந்தால்தான் பஞ்சம் என்ற சொல். ஆகவே, அறிவிப்பு வரும்போது மிகவும் பிந்தியிருக்கும். எல் ஃபாஷருக்குப் பக்கத்தில் இருந்த ஸம்ஸம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாமில் 2024 ஆகஸ்டில் பஞ்சம் உறுதியானது. 2025 நவம்பரில் எல் ஃபாஷரிலும், தெற்கே கடுக்லி நகரிலும்.

இதில் இன்னொன்றும் நடந்தது. ராணுவத் தரப்பு அரசு, பஞ்சமே இல்லை என்று மறுத்து, 2024 டிசம்பரில் இந்தக் கணக்கெடுப்பு முறையிலிருந்தே விலகிக்கொண்டது. இதைப் பின்னால் வரும் இலங்கைக் கேள்வியோடு சேர்த்துப் படியுங்கள்.

ஐ.நா. லாரியில் அரிசி ஏற்றி அனுப்பினால் ஆயிற்று. ஏன் அனுப்பவில்லை?

அனுப்பினார்கள். டார்ஃபுருக்குச் சுருக்கு வழி சாட் நாட்டின் ஆத்ரே எல்லை. அந்த வழியாக ஆயுதம் வருகிறது என்று சொல்லி ராணுவத் தரப்பு 2024 பிப்ரவரியில் அதை மூடியது, ஆகஸ்டில்தான் திறந்தது. அப்போது மழைக்காலம். டார்ஃபுரின் மண்சாலைகளில் ஓடைகள் பெருகிவிட்டால் லாரிகள் நாட்கணக்கில் நிற்கும். இன்னொரு பக்கம் ஆர்.எஸ்.எஃப் சோதனைச் சாவடிக்குச் சாவடி காசு கேட்கும், சரக்கை இறக்கச் சொல்லும். 2025 ஜூன் மாதம் எல் ஃபாஷருக்குப் புறப்பட்ட ஐ.நா. வாகன அணி அல் கோமா என்ற ஊர் அருகே தாக்கப்பட்டு ஐந்து பேர் இறந்தார்கள்.

அரிசி இல்லாமல் இல்லை. அனுமதிக் கடிதம்தான் இல்லை. அதோடு பணமும் இல்லை. 2025-ஆம் ஆண்டுக்கு ஐ.நா. கேட்ட தொகையில் பாதிகூட உலக நாடுகளிடமிருந்து வரவில்லை.

வசதியானவர்கள் கடையில் வாங்கிக்கொள்ளலாமே?

வங்கிகள் சூறையாடப்பட்டன. அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் பலருக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகனோ அண்ணனோ பங்கக் என்ற கைப்பேசிச் செயலியில் பணம் போடுவார். அதை ரொக்கமாக்கித் தரும் வியாபாரி பெரிய பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்வார். 2024 பிப்ரவரியில் நாட்டின் பெரும்பகுதியில் தொலைத்தொடர்பு அறுந்தபோது அந்தப் பணமும் அறுந்தது. முற்றுகைக்குள் இருக்கும் சந்தையில் மிச்சமிருக்கும் ஒரு மூட்டைச் சோளத்துக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. வசதியானவர் என்ற வகை அங்கே சீக்கிரம் காலியாகிவிடும்.

அந்த ஊர் மக்கள் தங்களுக்காக எதுவும் செய்துகொள்ளவில்லையா?

இந்தப் போரில் வேலை செய்த உதவி என்றால் பெரும்பகுதி அவர்களுடையதுதான். 2019 போராட்டத்தில் தெருத்தெருவாக அமைந்த இளைஞர் குழுக்கள் போர் வந்ததும் அவசர உதவி அறைகள் என்ற பெயரில் மாறின. குழாய் பழுது பார்ப்பது, காயம்பட்டவரை எடுத்துப் போவது, வெளியேறும் பாதையை விசாரித்துச் சொல்வது, எல்லாவற்றுக்கும் மேல் தக்கியா எனப்படும் பொதுச் சமையல். பெரிய அண்டாவில் பயறு அல்லது சோள மாவுக் களி. பாத்திரத்தோடு வரிசையில் குழந்தைகள்.

தாது வருஷத்தில் சொத்தை விற்றுக் கஞ்சி ஊற்றினார் என்று குஞ்சரத்தம்மாளை மதுரையில் இன்றும் சொல்வார்கள். அதே குணம், ஆனால் இவர்கள் கஞ்சி ஊற்றுவதற்காகவே கைது செய்யப்படுகிறார்கள். எதிரிக்குச் சோறு போட்டாய் என்று இரு தரப்பும் தன்னார்வலர்களைப் பிடித்திருக்கின்றன, கொன்றும் இருக்கின்றன. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் இந்தச் சமையலறைகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் அணைந்தன. அதே ஆண்டு மனித உரிமைக்கான நார்வேயின் ராஃப்டோ பரிசு இவர்களுக்குக் கிடைத்தது. பரிசு கொடுத்த உலகமும் அடுப்பை அணைத்த உலகமும் ஒன்றுதான்.

ஓடியவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

உச்சத்தில் சுமார் 1.2 கோடிப் பேர் வீட்டை விட்டுப் போயிருந்தார்கள். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எகிப்து, சாட், தெற்கு சூடான் முதலிய நாடுகளுக்குப் போனார்கள், மீதிப்பேர் நாட்டுக்குள்ளேயே. சாட்டும் தெற்கு சூடானும் தம் மக்களுக்கே சோறு போடத் திணறும் நாடுகள். எல் ஃபாஷருக்கு மேற்கே தவிலா என்ற சிற்றூரில் லட்சக்கணக்கானோர் குவிந்தார்கள். கூரை, கழிப்பறை, கிணறு எதுவும் அதற்கேற்ப இல்லை. அங்கே காலரா பரவியதில் என்ன வியப்பு?

பெண்களுக்கு என்ன நடக்கிறது?

பாலியல் வன்முறை ஓர் ஆயுதமாகவே பயன்படுத்தப்படுகிறது, ஐ.நா.வின் உண்மை அறியும் குழு பெரும்பகுதியை ஆர்.எஸ்.எஃப் கணக்கில் எழுதியிருக்கிறது. விறகுக்கும் தண்ணீருக்கும் வெளியே போக வேண்டியவர்கள் பெண்கள் என்பதால் ஆபத்தும் அவர்களுக்கே. சிகிச்சை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அருகில் மருத்துவமனையே இல்லாத இடத்தில் அந்த அறிவுரைக்கு என்ன பொருள்? இதற்கு மேல் விவரம் கேட்பவர்களிடம் நான் சொல்வதில்லை.

இலங்கைத் தமிழர் துயரமே தீரவில்லை. எங்கோ இருக்கும் சூடானைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்?

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி, கோபம் நியாயமானது. ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களில் இன்னும் மனிதர்கள் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்கள்.

அதனால்தான் பேசுகிறேன். 2009 தொடக்கத்தில் வன்னியில் சிக்கியவர்கள் சுமார் 70,000 பேர்தான் என்று இலங்கை அரசு சொன்னது. அந்த எண்ணிக்கைக்கு ஏற்றபடிதான் உணவும் மருந்தும் அனுமதிக்கப்பட்டன. போர் முடிந்தபின் முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் 2.8 லட்சத்துக்கும் மேல். ஆளைக் குறைத்து எண்ணினால் சோற்றைக் குறைத்து அனுப்பலாம். பஞ்சக் கணக்கெடுப்பிலிருந்து சூடான் விலகியதும் இதே வித்தைதான். மே மாதம் முள்ளிவாய்க்கால் கஞ்சி வாங்கிக் குடிக்கிற நமக்கு இது புரியவில்லை என்றால் வேறு யாருக்குப் புரியும்?

நமக்கும் சூடானுக்கும் நேரடித் தொடர்பு ஏதாவது உண்டா?

உண்டு. உலகின் கருவேலம் பிசினில் பெரும்பகுதி, 70 சதவீதத்துக்கு மேல், சூடானில் இருந்து வருகிறது. குளிர்பானம், மிட்டாய், மாத்திரை உறை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 1997-இல் சூடான் மீது தடை விதித்த அமெரிக்காவே பிசினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. குளிர்பானம் நிற்கக்கூடாது அல்லவா!

மனிதத் தொடர்பும் உண்டு. 2019 டிசம்பரில் கார்ட்டூம் பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் நடந்த தீ விபத்தில் இறந்த இந்தியர்களில் தமிழர்களும் இருந்தார்கள். போர் தொடங்கியதும் ஆபரேஷன் காவேரி மூலம் 3,862 பேரை இந்தியா மீட்டு வந்தது.

பணம் எங்கிருந்து வருகிறது? இவ்வளவு நாள் எப்படிச் சண்டை போட முடிகிறது?

தங்கம். இரு தரப்பும் சுரங்கம் வைத்திருக்கின்றன. வெட்டியதில் பெரும்பகுதி துபாய்ச் சந்தைக்குப் போகிறது. ஆர்.எஸ்.எஃப்புக்கு ஐக்கிய அரபு அமீரகம் ஆயுதம் தருவதாக ராணுவத் தரப்பும் பல விசாரணைகளும் சொல்கின்றன, அமீரகம் மறுக்கிறது. ராணுவத்துக்கு எகிப்து, ஈரான் போன்ற நாடுகளின் ஆதரவு.

இதையெல்லாம் தடுக்கச் சட்டமே இல்லையா?

இருக்கிறது. உள்நாட்டுப் போரிலும் பொதுமக்களைப் பட்டினி போட்டுப் பணியவைப்பதை ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977 கூடுதல் நெறிமுறை தடை செய்கிறது. 2018-இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றமும் இதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. 2003-இல் தொடங்கிய டார்ஃபுர் படுகொலைகளுக்காக அப்போதைய அரசு ஏவிவிட்ட ஜஞ்சவீத் என்ற ஆயுதக் கும்பலின் தளபதி அலி குஷய்பைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது 2025 அக்டோபரில். எல் ஃபாஷர் விழுந்ததும் அதே மாதம். அந்த ஜஞ்சவீத் கும்பலிலிருந்து வளர்ந்ததுதான் ஆர்.எஸ்.எஃப்.

கார்ட்டூமை ராணுவம் மீட்டுவிட்டதே, அங்காவது நிலைமை சரியாகிவிட்டதா?

2025 மார்ச்சில் மீட்டது. அதன்பின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரும்பினார்கள். வீட்டில் கதவு இல்லை, மின்கம்பி உருவப்பட்டிருக்கிறது, முற்றத்தில் வெடிக்காத குண்டு கிடக்கலாம், அவசரத்தில் புதைத்த உடல்கள் தெருவோரம் இருக்கின்றன. வீடு திரும்புவது ஒரு நாள் வேலை, குடியிருப்பது வேறு.

வாட்ஸ்அப்பில் வரும் படங்களை நம்பலாமா?

பெரும்பாலும் வேண்டாம். வேறு நாட்டுப் படம், பழைய படம், இப்போது செயற்கை நுண்ணறிவு செய்த படமும். உண்மையான படமாகவே இருந்தாலும், இறந்தவரின் முகத்தைக் குடும்பக் குழுவில் அனுப்பாதீர்கள்.

இங்கிருந்து என்ன உதவி செய்யலாம்?

பழைய துணி சேர்க்காதீர்கள். கப்பல் கூலிக்கே அது கட்டாது. பணம்தான் உதவும். தனிநபர்கள் ரிசர்வ் வங்கி விதிகளின்படி தங்கள் வங்கி மூலம் வெளிநாட்டு அமைப்புக்கு நன்கொடை அனுப்பலாம். ஆனால் அதற்கு வருமான வரிச் சலுகை கிடையாது. செஞ்சிலுவை, எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற தெரிந்த பெயர்களுக்கு, அவர்களுடைய சொந்த இணையதளத்தில் மட்டும் அனுப்புங்கள். யாரோ முன்னனுப்பிய க்யூ.ஆர். குறியீட்டில் போடாதீர்கள். வெளிநாட்டுக்கு அனுப்ப வழியில்லாதவர்கள் மேலே சொன்ன மூன்று முகாம்களில் ஒன்றுக்குப் போய், அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று கேளுங்கள். அதற்கு நகரப் பேருந்து டிக்கெட் போதும்.

ஏஜென்ட் சூடானில் நல்ல சம்பளத்துக்கு வேலை இருக்கிறது என்கிறார். போகலாமா?

போகாதீர்கள். 2025-இலும் ஒடிசாவைச் சேர்ந்த ஒருவர் ஆர்.எஸ்.எஃப் பிடியில் சிக்கினார். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள். தரவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.